மின்னைத் தடுக்கும் மென்படலம்

ஒன்றைச் சுமந்து செல்லும் பொருளை உலகம் பாராட்டும். ஒன்றைத் தடுத்து நிற்கும் பொருளை எளிதில் மறந்துவிடும். ஆற்றைப் பாடிய புலவர் பலர். கரையைப் பாடினார் சிலரே. மின்னியல் பேசுவாரிடத்தும் இந்நிலையே காண்கின்றோம். செம்பின் பெருமையும் சிலிக்கனின் பெருமையும் விரித்துரைப்போர், மின்னைத் தம்மூடே செல்லவிடாத பொருள்களை ஓரிரு வரிகளில் முடித்துக்கொள்வர். ஆயினும், தாளைப்போல் வளையும் பரப்பின்மேல் மசியைக் கொண்டு அச்சிடப்பெறும் புதுவகை மின்னணுக் கருவிகள் இயங்குவதும் இயங்காதொழிவதும், அவற்றின் நடுவே கிடக்கும் ஒரு மெல்லிய காப்புப் படலத்தையே பெரிதும் பொறுத்துள்ளன. அப்படலத்தைப் பற்றி, எம்மூர்த் தொழில்களோடு இயைத்துச் சில கூறுதலே ஈண்டு எம் கருத்தாகும்.

எம்மூராகிய திருத்தங்கல், சிவகாசியை ஒட்டிக் கிடக்கும் பழம்பதி. தமிழ் பயில்வார்க்கு இப்பெயர் புதிதன்று. சங்கப் புலவருள் தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனார் என ஒருவர் உளர். சிலப்பதிகாரத்துக் கட்டுரை காதையிலும் தங்கால் என்னும் ஊர் பேசப்படுகின்றது. 2021-ஆம் ஆண்டில் இவ்வூர் சிவகாசி மாநகராட்சியின் ஒரு பகுதியாயிற்று. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று மீண்டனர் என்பது இப்பக்கத்தார் யாவரும் அறிந்த செய்தி. தீப்பெட்டிக்கு ஒட்டுத்தாள் வேண்டியிருந்தது. ஒட்டுத்தாளுக்கு அச்சகம் வேண்டியிருந்தது. தீப்பெட்டியோடு பட்டாசும் வளர்ந்தது. இங்ஙனம் மருந்தும் மசியும் உடன்பிறந்தாராய் வளர்ந்த நிலம் இது. இவ்விரு தொழிலாரும் நாள்தோறும் எதிர்ப்படுகின்ற ஒரு பொருள், மின்னைக் கடத்தாத பிளாஸ்டிக்கு ஆகும். ஒருவர்க்கு அது பகைவன், மற்றவர்க்குத் தொல்லை.

பகைவனான வரலாற்றை முதற்கண் கூறுவோம். பட்டாசுத் தொழிற்சாலையின் மருந்தறைக்குள் நுழைவோர், வாயிலில் நிலத்தோடு இணைக்கப்பட்டிருக்கும் செப்புத் தகட்டைக் கையால் தொட்டுவிட்டே உட்புகுதல் வேண்டும். நைலான், பாலியெஸ்டர் உடைகள் ஆகா, பருத்தியாடையே தக்கது. பிளாஸ்டிக்கு வாளியும் சல்லடையும் மருந்தினருகே வரலாகாது. தரையில் மின்னை மெல்லக் கடத்தும் தனிவகை இரப்பர் விரிப்பு இடுவர். இத்தனை கட்டுப்பாடும் என்னை? இரு பொருள்கள் உராய்ந்து பிரியும்போது, ஒன்றன் எதிர்மின்னிகள் சில மற்றொன்றின்மேல் தங்கிவிடுகின்றன. உலோகமாயின் அம்மின்னூட்டம் உடனே ஓடிவிடும். ஈரப்பசையைச் சிறிது ஏற்கும் பருத்தியாயின் மெல்ல வடிந்துபோகும். பிளாஸ்டிக்காயின் போக வழியின்றி அங்கேயே தேங்கி நிற்கும். வறண்ட காற்றிலே அவ்வாறு தேங்கிய மின்னூட்டம், மனித உடலைப் பல்லாயிரம் வோல்ட் அழுத்தத்திற்கு உயர்த்திவிடவும் கூடும். ஏறக்குறைய 3000 வோல்ட்டுக்குக் கீழே நம் விரலுக்கு அது தோன்றுவதேயில்லை. வெடியுப்பும் கந்தகமும் அலுமினியப் பொடியும் சேர்ந்த கலவையோ, விரல் நுனியிலிருந்து தாவும் ஒரு சிறு பொறிக்காகக் காத்திருக்கின்றது. விபத்துகளுக்கெல்லாம் இதுவே காரணம் என்று யாம் கூறவில்லை. உராய்வும், அளவுக்கு மிஞ்சிய சரக்கும், அவசரமும் பல உயிரைக் குடித்துள்ளன. ஆயினும், கண்ணுக்குப் புலனாகாத காரணம் ஆகலின் இதனைப் பன்மடங்கு அஞ்சுதல் தகும்.

இனி, பிளாஸ்டிக்கு ஏன் மின்னைத் தேக்கி வைக்கின்றது? பிளாஸ்டிக்கு எனப் பொதுவாக நாம் வழங்குவன பலபடிகள். ஒரே வகையான சிறு மூலக்கூறுகள் பல்லாயிரம் ஒன்றோடொன்று கோக்கப்பட்டு நீண்ட மாலைபோல் ஆனவை அவை. பாலித்தீன் போன்ற பலபடிகளில் கரிம அணுக்களின் எதிர்மின்னிகள் இரண்டிரண்டாய்ப் பிணைப்புகளில் இறுகக் கட்டுண்டு கிடக்கின்றன. உலோகத்தில் உள்ளதுபோல் ஊர்சுற்றித் திரியும் எதிர்மின்னி அங்கு இல்லை. எனவே, வெளியிலிருந்து வந்து அமர்ந்த மின்னூட்டமும், வழி காணாத விருந்தினனைப் போலத் திண்ணையிலேயே இருந்துவிடுகின்றது.

பலபடிகள் யாவும் இங்ஙனமே இருக்கும் என்றுதான் அறிஞர் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். 1977-ஆம் ஆண்டில் ஹீகர், மெக்டியார்மிட், ஷிரகாவா என்னும் மூவர், பாலியசெட்டிலீன் என்னும் பலபடியை அயோடினோடு சேர்த்து, அது உலோகத்தைப்போல் மின்னைக் கடத்தக் காட்டினர். கரிமச் சங்கிலியில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறிமாறி வருமாயின், எதிர்மின்னிகள் அச்சங்கிலி நெடுகிலும் உலவ வழி பிறக்கின்றது என்பதே அதன் உட்பொருள். இம்மூவர்க்கும் 2000-ஆம் ஆண்டில் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. கடத்தும் பலபடி, அரைகுறையாய்க் கடத்தும் பலபடி, கடத்தவே கடத்தாத பலபடி ஆகிய மூன்றும் இவ்வாறு கைக்கு வந்தன. இம்மூன்றையும் தகுந்த கரைப்பானில் கரைத்தால் மூன்று மசிகள். மூன்று மசிகள் உண்டாயின் அச்சிடலாம் அன்றோ?

அச்சிட விரும்பிய கருவிகளுள் தலைமையானது டிரான்சிஸ்டர். அதன் அமைப்பு எளிது. குறைகடத்தியாகிய ஒரு மெல்லிய பட்டையின் இரு முனையிலும் இரண்டு மின்வாய்கள் உண்டு. மின் புகுமிடம் மூலம், வெளியேறுமிடம் வடிகால். பட்டைக்கு மேலோ கீழோ மூன்றாவதாக வாயில் என ஒன்று உண்டு. வாயிலுக்கும் பட்டைக்கும் இடையே கிடப்பதுதான் நம் காப்புப் படலம். எம் பக்கத்துக் கண்மாயின் மடையை நினைத்துக்கொள்க. பலகையை உயர்த்தினால் நீர் பாயும், தாழ்த்தினால் நிற்கும். ஆனால் மடைப்பலகை நீரைத் தொட்டுத் தடுக்கின்றது; டிரான்சிஸ்டரின் வாயிலோ குறைகடத்தியைத் தொடுவதேயில்லை. வாயிலில் ஒரு மின்னழுத்தம் கொடுத்தால், படலத்தின் மறுபுறத்தில் எதிரினத்து மின்னூட்டம் திரண்டு வந்து நிற்கின்றது. அங்ஙனம் திரண்டதே மூலத்திலிருந்து வடிகாலுக்குப் பாய்கின்றது. இரண்டு உயிரெழுத்துகள் நேரே மோதாதபடி இடையில் உடம்படுமெய் தோன்றி, அவற்றைப் பிரிக்கவும் செய்து சேர்க்கவும் செய்கின்றதன்றோ? காப்புப் படலத்தின் தொழிலும் அத்தகையது. பிரித்து வைத்தாலன்றி அது சேர்த்து வைப்பதில்லை.

மருந்தறையில் அஞ்சப்பட்ட அதே இயல்பு, மின்னூட்டத்தை ஓடவிடாமல் நிறுத்தி வைக்கும் இயல்பு, ஈண்டுப் பயனாகின்றதைக் காண்க.

எவ்வளவு மின்னூட்டம் திரளும் என்பது இரண்டு அளவுகளைப் பொறுத்தது. ஒன்று படலத்தின் மெலிவு. தடிப்பு பாதியானால் திரட்சி இருமடங்காகும். மற்றொன்று அப்பொருளின் மின்காப்பு மாறிலி எனப்படும் எண். புளூரின் நிறைந்த சில பலபடிகளுக்கு இஃது ஏறக்குறைய 2. பாலிஸ்டைரீனுக்கு இரண்டரைக்குச் சற்று மேல். பாலிவினைல்பீனாலுக்கு ஏறக்குறைய 4. பாலிவினைலிடீன் புளூரைடு வகைகளுக்கு எட்டும் அதற்கு மேலும். நல்ல அச்சுத்தாள் ஒன்று ஏறக்குறைய 100 மைக்ரான் தடிப்பினது. ஆய்வகங்களில் பயன்படும் காப்புப் படலமோ பெரும்பாலும் அரை மைக்ரான் அளவினது. தாளில் இருநூற்றில் ஒரு பங்கு. அதன் குறுக்கே 50 வோல்ட் வைத்தால், ஒரு மைக்ரானுக்கு 100 வோல்ட் என்னும் வீதம் ஆகின்றது. காற்றோ மைக்ரானுக்கு 3 வோல்ட் அளவிலேயே உடைந்து பொறி பறக்கவிடும். காற்றால் தாங்கவொண்ணாததைப் போல் முப்பது மடங்குக்கு மேற்பட்ட நெருக்கடியை இம்மென்படலம் ஓசையின்றித் தாங்கி நிற்கின்றது.

அங்ஙனம் தாங்குவது முழுமையாய் இருக்கும் வரையிலேதான். படலத்தில் ஓர் ஊசித்துளை இருப்பினும் போதும். மேலிருந்து ஊற்றிய கடத்தி மசி அதன்வழி இறங்கிக் கீழுள்ளதைத் தொட்டுவிடும். தொட்டால் டிரான்சிஸ்டர் இல்லை, வெறுங்கம்பியே உண்டு. திருமறையில் நடுச்சுவர் தகர்க்கப்படுதல் நற்செய்தி. ஈண்டு நடுச்சுவர் தகர்தலே கேடு. ஆகவே மெலிதாக்க விரும்புவானுக்கும் துளையை அஞ்சுவானுக்கும் இடையே இடையறாத வழக்கு ஒன்று இத்துறையில் நடந்துகொண்டே இருக்கின்றது. தடிப்பை மிகுத்தால் துளை அடைபடும். ஆனால் ஐந்து வோல்ட்டில் இயங்கவேண்டிய கருவி ஐம்பது வோல்ட் கேட்கும். பொத்தான் அளவு மின்கலத்தால் இயங்கவேண்டிய ஒட்டுத்தாளுக்கு ஐம்பது வோல்ட்டுக்கு எங்கே போவது?

இதனினும் நுட்பமான செய்தி ஒன்றுண்டு. எம்மைப் பெரிதும் கவர்ந்ததும் அதுவே. குறைகடத்தியில் மின்னோட்டம் அதன் உடல் முழுதும் பாய்வதில்லை. காப்புப் படலத்தை ஒட்டியுள்ள முதல் ஓரிரு மூலக்கூற்று அடுக்குகளிலேயே, அதாவது சில நானோமீட்டர் ஆழத்திலேயே, அது ஓடி முடிந்துவிடுகின்றது. ஆகவே காப்புப் பொருளின் மேற்பரப்பு எத்தகையதோ அத்தகையதே ஓட்டமும். கரிமக் குறைகடத்திகள் பல, நேர்மின்னூட்டத்தை மட்டுமே எளிதில் கடத்தும், எதிர்மின்னிகளைக் கடத்தமாட்டா என்று பல்லாண்டு நம்பப்பட்டு வந்தது. 2005-ஆம் ஆண்டில் லே-லே சுவா முதலிய கேம்பிரிட்ஜ், சிங்கப்பூர் அறிஞர், 'நேச்சர்' இதழில் வெளியிட்ட கட்டுரையால் அந்நம்பிக்கை சாய்ந்தது. அதுவரை பெரும்பாலும் காப்புப் பொருளாய் அமைந்திருந்தது சிலிக்கன் ஆக்சைடு. அதன் மேற்பரப்பில் ஹைட்ராக்சில் என்னும் தொகுதிகள் உள்ளன. அவை வந்த எதிர்மின்னிகளைப் பிடித்துச் சிறையிட்டுவிட்டன. ஹைட்ராக்சில் இல்லாத ஒரு பலபடியைக் காப்பாய் இட்டவுடனே, முன்பு ஊமையாயிருந்த பலபடிகள் பல எதிர்மின்னிகளைக் கடத்தலாயின. பல்லாண்டு பழி சுமந்தது குறைகடத்தி. குற்றம் புரிந்தவனோ அண்டை வீட்டான்!

மற்றொரு முரணும் உண்டு. மாறிலி உயர்ந்த பொருள் மின்னூட்டத்தை மிகுதியாய்த் திரட்டும் என்றோம். ஆனால் அத்தகைய பொருளின் மூலக்கூறுகளில் நேர்முனையும் எதிர்முனையும் வலுவாய் அமைந்து, ஒழுங்கின்றிப் பல திசை நோக்கிக் கிடப்பதால், அடுத்துள்ள குறைகடத்தியின் பாதை மேடு பள்ளமாகிவிடுகின்றது. திரண்ட கூட்டம் பெரிது. நடக்கும் வேகம் குறைவு. மாறிலி தாழ்ந்த பொருளிலோ கூட்டம் சிறிது, நடை விரைவு. 2003-ஆம் ஆண்டளவில் வெரேஸ் முதலியோர் இதனை விளக்கித் தாழ்ந்த மாறிலிக்குச் சார்பாய் எழுதினர். இரண்டையும் பெற விரும்புவோர், குறைகடத்தியைத் தொடுமிடத்தில் தாழ்ந்த மாறிலியுடைய மெல்லிய அடுக்கொன்றும், அதன் பின்னே உயர்ந்த மாறிலியுடைய அடுக்கொன்றுமாக இரட்டைப் படலம் இடுகின்றனர். உண்மையில் நல்ல தீர்வு இதுவே என்பது எம் எண்ணம். அச்சிடுவோர்க்கு ஒரு சுற்று வேலை மிகுதியாகும் என்பது மட்டுமே குறை.

அச்சிடுதலுக்கு வருவோம். 1986-ஆம் ஆண்டில் ஜப்பானியர் முதன்முதல் பாலித்தயோபீனால் டிரான்சிஸ்டர் செய்தபோது காப்பாய் நின்றது சிலிக்கன் ஆக்சைடே, அது வளையாது. 1994-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் கார்னியே என்பவரும் அவர் குழுவினரும், ஒன்றரை மைக்ரான் தடிப்புள்ள பாலியெஸ்டர்ப் படலம் ஒன்றையே காப்பாகக் கொண்டு, அதன் இருபுறமும் கிராபைட்டு மசியால் மின்வாய்களைப் பதித்தனர். வளைத்தபோதும் அக்கருவி இயங்கிற்று. மருந்தறையில் எந்தப் பாலியெஸ்டருக்கு இடமில்லையோ அதே பாலியெஸ்டர் என்பதை நோக்குக.

2000-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜில் சிரிங்ஹாஸ் குழுவினர், மசித்துளிகளைத் தெளித்து அச்சிடும் முறையால் மின்வாய்களை இட்டு, பலபடிகளாலேயே டிரான்சிஸ்டரை அடுக்கடுக்காய்க் கட்டினர். இதிற் கற்கவேண்டுவது அடுக்கும் முறை. கடத்தி மசி நீரில் கரைந்தது. அதன்மேல் இட்ட குறைகடத்தி சைலீனில் கரைந்தது. அதற்கும் மேலே காப்பாக இட்ட பாலிவினைல்பீனால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கரைந்தது. மேலடுக்கின் கரைப்பான் கீழடுக்கைக் கரைத்துவிடலாகாது என்பதே சூத்திரம். இச்சூத்திரத்தை எம்மூர் மெஷின்மேன்கள் நூல் படியாமலே அறிவர். மசி உலராமுன் வார்னிஷ் ஏற்றினால் என்னாகும் என்று அவர்களைக் கேட்டுப் பார்க்க.

கரைப்பானைத் தேர்ந்தெடுப்பது ஒரு வழி. படலத்தை இட்டபின் அதன் சங்கிலிகளைக் குறுக்கே பிணைத்து, எக்கரைப்பானிலும் கரையாதபடி வலையாக்கிவிடுதல் மற்றொரு வழி. பாலிவினைல்பீனாலை மெலமின் பிசினோடு கலந்து 200 பாகை அளவில் சூடாக்கினால் அது வலையாகும். ஆனால் அடியிலுள்ள பாலியெஸ்டர்த் தாள் 150 பாகைக்கு மேல் சுருங்கத் தொடங்கும். சுருங்கினால் அடுத்த அடுக்கு இடம் தவறி விழும். ரிஜிஸ்டர் விலகினால் நாட்காட்டியில் முருகன் முகத்துக்கு இரண்டு மூக்குத் தோன்றுவதுபோல, ஈண்டு வாயில் ஓரிடத்திலும் பட்டை ஓரிடத்திலும் கிடக்கும். ஆகவே புறஊதாக் கதிரால் குளிர்நிலையிலேயே பிணைக்கும் பலபடிகளை நாடுகின்றனர். சிவகாசி அச்சகங்களில் நூலட்டைக்கும் ஒட்டுத்தாளுக்கும் மெருகேற்றும் புறஊதா வார்னிஷும் இதே கொள்கையால்தான் விளக்கின்கீழ் நொடிப்பொழுதில் இறுகுகின்றது. அவ்வார்னிஷை அப்படியே டிரான்சிஸ்டரில் பூசலாமோ எனின், ஆகாது. அதில் ஒளியால் வினை தொடங்க இட்ட துணைப்பொருள்களும் அயனிகளும் எஞ்சி நிற்கும். அவை மின்னழுத்தத்தில் மெல்ல நகர்ந்து படலத்தைக் கசியவிடும். மெருகுக்கு வேண்டிய தூய்மை வேறு. மின்காப்புக்கு வேண்டிய தூய்மை வேறு.

மெலிவைப் பொறுத்தவரை அச்சகம் பின்தங்கியதன்று. ஆப்செட் முறையில் தாளின்மேல் நிற்கும் மசியே ஏறக்குறைய ஒரு மைக்ரான் தடிப்பினது. ஸ்கிரீன் முறையில் அது பல மைக்ரான் ஆகும். அதனால் வெள்ளி மசியிட்டுக் கம்பிகள் வரைய ஸ்கிரீன் ஏற்றது, காப்புப் படலத்துக்கு அத்துணை ஏற்றதன்று. வேறுபாடு மெலிவில் இல்லை. எதனைப் பிழை என்று கொள்வது என்பதில் உள்ளது. அச்சுத்தாளில் ஊசிமுனையளவு வெள்ளைப்புள்ளி இருப்பின், கண்ணாடி வைத்துப் பார்ப்பவரும் அதனைப் பெரிதுபடுத்தார். காப்புப் படலத்தில் அதில் நூறிலொரு பங்குத் துளையும் மன்னிக்கப்படுவதில்லை; அதனைக் கண்ணாற் காணவும் முடியாது, மின்னழுத்தம் வைத்துக் கசிவை அளந்தே காணவேண்டும்.

நம் நாட்டில் இத்துறைக்கெனக் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில், மத்திய அரசின் துணையோடு, 2014-ஆம் ஆண்டில் நெகிழ் மின்னணுவியல் தேசிய மையம் நிறுவப்பெற்றது. கைப்பேசி வந்தபின் நாட்காட்டிக்கும் அழைப்பிதழுக்கும் பழைய மதிப்பு இல்லாத இக்காலத்தில், மசியும் உருளையும் அறிந்த பல்லாயிரம் கைகள் உள்ள ஓர் ஊர், கான்பூரை நோக்கி ஒருமுறையேனும் திரும்பிப் பார்த்தல் நன்று. மருந்துப் பொட்டியிலே சூட்டை அளந்து காட்டும் ஒட்டுத்தாள், பால் கெட்டதை அறிவிக்கும் உறை என இத்துறையார் கருதும் பொருள்களுட் பல, பெயரளவிலேனும் ஒட்டுத்தாள்களே. ஒட்டுத்தாள் அச்சிடுதல் எம்மவர்க்குத் தாத்தன் தொழில்.

எம் நிலத்தின் வறட்சியையும் ஈண்டுக் கருதவேண்டும். தீக்குச்சியும் தாளும் விரைவில் உலரும் என்பதே இத்தொழில்கள் இங்கு வேரூன்றியதற்கு ஒரு காரணமாகக் கூறப்படும். பாலிவினைல்பீனால் போன்ற பலபடிகள் காற்றிலுள்ள ஈரத்தைத் தம் ஹைட்ராக்சில் தொகுதிகளால் பற்றிக்கொள்ளும். அங்ஙனம் பற்றினால், வாயிலின் அழுத்தத்தை ஏற்றும்போது ஓரளவும் இறக்கும்போது வேறோரளவும் மின்னோட்டம் காட்டும். அளவுகோல் நாணயம் இழந்துவிடும். கடற்கரை நகரத்தினும் எம்மூர்க் காற்று இவ்வகையில் நல்லது. ஆனால் வறட்சிக்கு மறுபக்கம் உண்டு. பிளாஸ்டிக்குத் தாள்களை அச்சிடும்போது அவை உராய்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளுதலும், தூசியை இழுத்து மேலே பூசிக்கொள்ளுதலும், வறண்ட நாட்களில் மெஷின்மேன்களுக்குப் பெருந்தொல்லை. அத்தூசியின் ஒரு துகள் காப்புப் படலத்தில் ஒரு துளையாகும். அரை மைக்ரான் படலம் நூறு இருநூறு வோல்ட்டுக்குள்ளேயே உடைந்துபோகும். விரலுக்கே தோன்றாத மின்னூட்டம் ஆயிரக்கணக்கான வோல்ட் என்று முன்னரே கூறினோம். நைலான் சட்டையணிந்த ஒருவர் வாயில் மின்வாயை அறியாது தொட்டாற் போதும். ஓசையுமின்றி ஒளியுமின்றி அக்கருவி மாண்டுபோகும்.

அதனால், மின்சுற்று அச்சிடும் கூடம் ஒன்று எம்மூரில் எழுமாயின், அதன் வாயிலிலும் நிலத்தோடு இணைத்த செப்புத் தகடு ஒன்று பதித்தல் வேண்டும். உள்ளே செல்வோர் அதனைத் தொட்டுச் செல்லல் வேண்டும். எதற்கு என்று எம்மூரார்க்கு விளக்கவேண்டியதில்லை.